பாதி தூரம் அளந்தது யார்?

சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நமது பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பஞ்சப்படி, போனஸ், கூலி, பட்டா என்று எத்தனையோ பிரச்னைகள் தலைக்கு மேல் நிற்கின்றன. இந்த நேரத்தில் கடல் கடந்த நாட்டில் பெண்கள் சைக்கிள் ஓட்டியதைப் பற்றி நமக்கு என்ன கவலை?

கேள்வி நியாயமானதே. பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நாம் சொல்லப்போவது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. ஒருவருடைய உழைப்பை அளப்பது யார், அதற்கு ‘லேசான வேலை’ என்று முத்திரை குத்துவது யார், அந்த முத்திரையைக் காட்டிக் கூலியை வெட்டுவது யார் என்ற கதை இது. மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்தக் கதை புதிதல்ல. கதை நடக்கும் இடம்தான் புதிது.

சைக்கிளும் நமக்குப் புதிதல்ல. இன்று மோட்டார் சைக்கிளும் மில் பஸ்ஸும் வந்துவிட்டன. ஆனாலும் எதிர்க்காற்றில் மிதித்து ஷிப்டுக்குப் போன காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கிறது. தனியாக மிதித்தால் எவ்வளவு பாடு, முன்னால் ஒருவர் போக அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதித்தால் எவ்வளவு சுகம் என்பது நமது கால்களுக்குத் தெரியும். இந்தப் பந்தயத்தைப் புரிந்துகொள்ள அந்த ஞானம் போதும்.

கடிகாரத்துடன் போட்டி

ரோடு சைக்கிள் பந்தயங்களில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று, எல்லோரும் கூட்டமாகப் புறப்பட்டுப் போவது. அதில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து காற்றிலிருந்து தப்பலாம். சக அணிக்காரர் உதவலாம். கடைசி நூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கலாம். மற்றொன்று டைம் டிரையல். இதில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவர் புறப்பட்டுக் குறிப்பிட்ட இடைவெளிக்குப் பிறகே அடுத்தவர் என்று அனுப்பப்படுகிறார்கள். இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. துணை இல்லை, மறைவு இல்லை. ரோடும் காற்றும் கடிகாரமும்தான். விநாடியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு எடுக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு சக்தி என்பதை மூடி மறைக்க முடியாத பந்தயம் இது.

2024-ம் ஆண்டு ஜூலை 27-ம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு மறுநாள், பெண்களுக்கான டைம் டிரையல் நடந்தது. மழையில் ரோடு வழுக்கியது. அமெரிக்க வீராங்கனை க்ளோயி டைகெர்ட் ஒரு திருப்பத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஏறி மிதித்து மூன்றாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த பிரிட்டிஷ் வீராங்கனை அன்னா ஹெண்டர்சனுக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒரு விநாடிக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன், மற்ற எல்லோரையும் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் பின்தள்ளித் தங்கப் பதக்கம் பெற்றார். 32.4 கிலோமீட்டர் தூரத்தை அவர் 39 நிமிஷம் 38 விநாடியில் கடந்தார்.

அன்றைய தினம் அதே ரோட்டில், அதே 32.4 கிலோமீட்டர் தூரத்தை ஆண்களும் ஓட்டினார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த ரெம்கோ எவனபூல் 36 நிமிஷம் 12 விநாடியில் வந்து தங்கம் பெற்றார்.

ஒலிம்பிக் சரித்திரத்தில் இந்தப் பந்தயத்துக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம் வைத்தது அதுதான் முதல் தடவை.

கணக்கைப் பாருங்கள், தோழர்களே. உலகத்தின் முதல்தர ஆணுக்கும் முதல்தரப் பெண்ணுக்கும் அன்று இருந்த வித்தியாசம் 3 நிமிஷம் 26 விநாடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சரீர அமைப்பில் வித்தியாசம் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதைக் கடிகாரமே சொல்லிவிட்டது.

அப்படியானால் அதற்கு முன்னால் பெண்களுக்கு எவ்வளவு தூரம் கொடுத்து வந்தார்கள்?

கத்தரித்த சரித்திரம்

1996-ம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக இந்தப் பந்தயம் நடந்தது. தாஷ்கண்டில் பிறந்து ரஷ்யாவுக்காக ஓட்டிய ஜுல்பியா ஜாபிரோவா ஜெயித்தார். ஆண்களுக்கு 52 கிலோமீட்டர், பெண்களுக்கு 26. 2004-ம் ஆண்டு ஏதென்ஸில் ஆண்களுக்கு 48, பெண்களுக்கு 24. கொரோனா காரணமாக 2021-ம் ஆண்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 44.2, பெண்களுக்கு 22.1. ஆண்கள் இரண்டு சுற்று, பெண்கள் ஒரு சுற்று!

கால்களில் உள்ள வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தூரத்தில் கத்தரித்ததோ சரிபாதி. இதை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம நேரம் ஓட்டவேண்டும் என்பதற்காகத்தான் தூரத்தைக் குறைத்தோம் என்று சொல்வார்களானால், அதற்கும் கணக்கு உண்டு. 44 கிலோமீட்டரில் நான்கைக் குறைத்து 40 வைத்திருக்கலாம். இருபத்திரண்டைக் குறைத்தது ஏன்? பெண்ணென்றால் பாதி என்று மனத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கணக்கு அது. நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே அளந்து முடித்துவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் ஒலிம்பிக்கில் மட்டும் இல்லை. உலக சாம்பியன் போட்டிகளில் நால்வர் சேர்ந்து ஓட்டும் குழு டைம் டிரையல் ஆண்களுக்கு 1962-ம் ஆண்டில் தொடங்கியது. தூரம் 100 கிலோமீட்டர். பெண்களுக்கு அது வர 25 ஆண்டுகள் பிடித்தன. 1987-ம் ஆண்டு ஆஸ்திரியாவில் வில்லாக் நகரில் நடந்த அந்த முதல் பந்தயத்தில் சோவியத் பெண்கள் ஜெயித்தார்கள். தூரம் 50 கிலோமீட்டர். மறுபடியும் பாதி!

ஆண்களுக்கு 1896-ம் ஆண்டின் முதல் ஒலிம்பிக்கிலேயே சைக்கிள் பந்தயம் உண்டு. பெண்களை ஒலிம்பிக்கில் சைக்கிள் ஏறவிட்டது 1984-ம் ஆண்டில். எண்பத்தெட்டு வருஷம் வாசலில் நிறுத்தி வைத்தார்கள்.

பெண்களுக்கு அத்தனை தூரம் தாங்காது என்று உண்மையிலேயே யாருக்காவது சந்தேகம் இருந்திருக்குமா? அந்தச் சந்தேகத்தை 1958-ம் ஆண்டிலேயே ஒரு பெண் தீர்த்து வைத்துவிட்டார். லக்ஸம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாட்டைச் சேர்ந்த எல்ஸி ஜேக்கப்ஸ் அவர். பெண்களுக்கான முதல் உலக ரோடு சாம்பியன் பந்தயம் அவ்வாண்டு பிரான்சில் ரேன்ஸ் நகரில் நடந்தது. முதலாவதாக வந்தவர் அவர்தான். இரண்டாவது, மூன்றாவது இடங்களைப் பிடித்தவர்கள் சோவியத் பெண்கள். அந்த வருஷ முடிவுக்குள் ஜேக்கப்ஸ் இத்தாலியில் மிலான் நகரின் பந்தய மைதானத்தில் தன்னந்தனியாக ஒரு மணி நேரம் கடிகாரத்தை எதிர்த்து மிதித்தார். 41 கிலோமீட்டர் 347 மீட்டர்! அந்தச் சாதனையை 14 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை.

1958-ல் ஒரு பெண் 41 கிலோமீட்டர் தனியாக ஓட்டிக் காட்டினார். அதற்கு 63 ஆண்டுகள் கழித்து, பெண்களுக்கு 22 கிலோமீட்டர் போதும் என்று டோக்கியோவில் தீர்மானித்தார்கள். சைக்கிள் முன்னேறியது, டயர் முன்னேறியது, ரோடு முன்னேறியது. கனவான்களின் புத்தி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

தாய்மை பலவீனமா?

பெண் மென்மையானவள், பிள்ளை பெறுகிறவள், வயது ஏறினால் தளர்ந்துவிடுவாள் என்பது பழைய பல்லவி. கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பெண் 2008-ம் ஆண்டு பெய்ஜிங்கில் இந்தப் பந்தயத்தில் தங்கம் பெற்றார். 2010-ல் மகனைப் பெற்றெடுத்தார். 2012-ல் லண்டனில் மறுபடியும் தங்கம். 2016-ல் ரியோ நகரில் மழையும் காற்றும் அடிக்க, மூக்கிலிருந்து ரத்தம் வழிய ஓட்டி, ஐந்தரை விநாடி வித்தியாசத்தில் மூன்றாவது தங்கம். மறுநாள் அவருக்கு 43-வது பிறந்தநாள். பிரான்சின் ழானி லோங்கோ ஐம்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்தபோது பெய்ஜிங்கில் நான்காவதாக வந்தார். இரண்டு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் அவருக்கு வெண்கலம் தவறியது.

நமது தாய்மார்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இடுப்பில் பிள்ளையோடு வயலுக்குப் போய் வந்தவர்களுக்குத் தாய்மை பலவீனம் என்று யார் பாடம் சொல்ல முடியும்?

தூரத்திலிருந்து கூலிக்கு

தூரம் குறைந்தால் நல்லதுதானே, குறைவாக உழைத்து அதே பதக்கம் கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். பதக்கம் ஒன்றாக இருக்கலாம். சம்பளம் ஒன்றாக இல்லை. “உங்கள் பந்தயம் சின்னது, பார்க்கிற கூட்டம் குறைவு, எனவே உங்கள் சம்பளமும் சின்னது” என்று அடுத்த வாக்கியம் தானாக வருகிறது. பந்தயத்தைச் சின்னதாக்கியது யார்? அவர்களேதான். தாங்களே வெட்டிக் குறைத்துவிட்டு, குறைந்துபோயிற்றே என்று கூலியையும் வெட்டுகிறார்கள்.

உலக சைக்கிள் பந்தயங்களை நடத்தும் ஸ்தாபனத்துக்குச் சர்வதேச சைக்கிள் யூனியன் என்று பெயர். பெயரில்தான் யூனியன்; ஓட்டுகிறவர்களின் சங்கம் அல்ல அது. முதல்தர அணிகளில் சம்பளத்துக்கு ஓட்டும் ஆண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று அது பல ஆண்டுகளாக விதி வைத்திருந்தது. பெண்களுக்கு அப்படி ஒரு விதி வந்தது 2020-ம் ஆண்டில்தான். முதல்தர மகளிர் அணிகளில் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு 15,000 யூரோ. அதே வரிசையில் உள்ள ஆண்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! அடுத்த வரிசை மகளிர் அணிகளுக்கு அன்று அந்த விதிகூட இல்லை. பிரசவ விடுமுறை என்ற சொல்லும் அந்தச் சமயத்தில்தான் ஒப்பந்தங்களில் ஏறியது.

இதெல்லாம் மேலே இருந்தவர்களின் கருணையால் வந்ததா? 2017-ம் ஆண்டு இறுதியில், நெதர்லாந்தின் ஐரிஸ் ஸ்லாப்பெண்டல் முதலிய மூன்று வீராங்கனைகள் சேர்ந்து, ‘சைக்கிளிஸ்ட்ஸ் அலையன்ஸ்’ என்ற பெயரில் பெண் ஓட்டுநர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். குறைந்தபட்ச ஊதியம், முறையான ஒப்பந்தம், தாய்மைப் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளை ஒரே குரலாக எழுப்பினார்கள். தனியாக ஓட்டுவதே தொழிலாகக் கொண்டவர்களுக்குக்கூடச் சங்கம் தேவைப்பட்டது! பந்தயத்தில் தனியாகப் போகலாம். சம்பளம் கேட்கத் தனியாகப் போக முடியாது.

சந்தோஷப்பட அவசரம் வேண்டாம்

பாரிஸில் ஒரே தூரம் கொடுத்துவிட்டார்களே, பிரச்னை தீர்ந்ததே என்று நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

உலக சாம்பியன் போட்டியில் 2022-ம் ஆண்டிலேயே, ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் நகரில், இரு பாலாருக்கும் டைம் டிரையல் தூரம் 34.2 கிலோமீட்டர் என்று சமமாக வைத்தார்கள். நெதர்லாந்தின் எல்லன் வான் டைக் ஜெயித்தார். யாரும் மயங்கி விழவில்லை. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் 2023-ல் ஸ்காட்லாந்தில் நடந்த போட்டியில் ஆண்களுக்கு 47.8, பெண்களுக்கு 36.2. பாரிஸில் 2024 ஜூலையில் சமம். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் ஆண்களுக்கு 46.1, பெண்களுக்கு 29.9. ஒலிம்பிக்கில் முழுத் தூரம் ஓட்டித் தங்கம் வாங்கிய அதே கிரேஸ் பிரவுன், ஜூரிக்கில் குறைத்துக் கொடுத்த தூரத்தை ஓட்டி உலக சாம்பியனானார். இரண்டு மாதத்தில் அவருடைய கால்களில் பலம் குறைந்துவிட்டதா?

2025-ம் ஆண்டு செப்டம்பரில் உலக சாம்பியன் போட்டி முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணுக்கு வந்தது. ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் நடந்தது. ஏகாதிபத்தியம் நெடுங்காலம் மிதித்து வைத்திருந்த கண்டத்துக்கு உலகப் போட்டி வந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அங்கேயும் டைம் டிரையலில் ஆண்களுக்கு 40.6 கிலோமீட்டர், பெண்களுக்கு 31.2. சுவிட்சர்லாந்தின் மார்லன் ராய்ஸர் ஜெயித்தார். டாக்டர் படிப்பு முடித்துவிட்டுப் பந்தயத்துக்கு வந்தவர் அவர். கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சட்டமாகாத சலுகைக்கு ஆயுசு அவ்வளவுதான்.

கடைசியாக வந்தவர்

ஜெயித்தவர்களைப் பற்றியே பேசினோம். கடைசியாக வந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோக்கியோவில் 2021 ஜூலை 28-ம் தேதி நடந்த அந்த 22 கிலோமீட்டர் பந்தயத்தில் கடைசி இடம் மாசூமா அலி ஜாதாவுக்கு. ஆப்கானிஸ்தானத்துப் பெண். காபூல் தெருக்களில் சைக்கிள் ஓட்டிய குற்றத்துக்காக வசையும் கல்லடியும் பட்டவர். 2017-ல் பிரான்சில் அடைக்கலம் புகுந்து, டோக்கியோவில் அகதிகள் அணியின் சார்பில், தலையில் முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் அணிந்து ஓட்டினார். அதற்கு மூன்று வாரம் ஆவதற்குள் காபூல் தாலிபான்கள் கையில் விழுந்தது. அங்கே பெண் சைக்கிள் ஏறுவது கனவாகிவிட்டது.

ஓரிடத்தில் பெண்ணுக்குச் சைக்கிளே கூடாது என்கிறார்கள். இன்னோரிடத்தில் சைக்கிள் உண்டு, பாதி தூரம்தான் என்கிறார்கள். இரண்டும் ஒரே கொடுமை என்று நாம் சொல்லமாட்டோம். கல்லெறிவதும் தூரம் குறைப்பதும் ஒன்றாகாது. ஆனால் பெண்ணுக்கு எவ்வளவு போதும் என்பதைப் பெண்ணைக் கேட்காமல் தீர்மானிக்கும் அதிகாரம் இரண்டிலும் இருக்கிறது. வேர் ஒன்று, கிளைகள் வேறு.

நமது வீட்டுக் கணக்கு

இப்போது நமது பக்கம் திரும்புவோம். சேற்றில் குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுவதும் நாற்று நடுவதற்கும் களையெடுப்பதற்கும் நம் நாட்டில் என்ன பெயர்? ‘பெண் ஆள் வேலை’. லேசான வேலை! மில்லில் வைண்டிங்கில் எட்டு மணி நேரம் நின்று இழை முடிந்தவர்களுக்கும் அதே முத்திரைதான். 1976-ம் ஆண்டில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அது சொன்னது. பண்ணையார்களும் முதலாளிகளும் என்ன செய்தார்கள்? கூலியைச் சமமாக்குவதற்குப் பதிலாக, ‘வேலை வேறு’ என்று சொல்லித் தப்பினார்கள். ஆண்களுக்கு இரண்டு சுற்று, பெண்களுக்கு ஒரு சுற்று என்ற அதே தந்திரம்!

இதில் நம்மையும் நாம் தப்பவிடக் கூடாது. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைகளில், ஆண் ஆளுக்கு இவ்வளவு, பெண் ஆளுக்கு இவ்வளவு என்று இரண்டு வரி எழுதிய காகிதத்தில் நாமே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு வரியிலும் ரூபாய் ஏறியிருக்கிறது என்று காட்டி, வெற்றி விழாவும் நடத்தியிருக்கிறோம். அந்தக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஏன் பலமாகக் கைதட்டவில்லை என்று நாம் அன்று யோசித்துப் பார்க்கவில்லை. வேலைநிறுத்தத்தில் அவர்கள் பாதி நாள் நிற்கவில்லை. முழு நாளும் நின்றார்கள். போலீஸ் தடியடி அவர்களுக்குப் பாதியாக விழவில்லை. உண்டியல் குலுக்கியதும் கஞ்சித் தொட்டி நடத்தியதும் அவர்கள்தான். ஒப்பந்தம் எழுதும்போது மட்டும் அவர்கள் குறைந்துபோனார்கள். இது தவறு. தவறு என்று ஒப்புக்கொள்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. திருத்தாமல் இருப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

பாரிஸ் பந்தயம் உழைப்பாளி மக்களுக்குச் சொல்லும் பாடம் இதுதான். ஒரே ரோட்டைக் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்தால், பெண்ணைப் பற்றிக் கட்டிய கதைகளில் எவ்வளவு பொய் என்று தெரிந்துவிடும். பொய் தெரிந்த பிறகும் பழைய அளவுகோலையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதை ஜூரிக்கும் கிகாலியும் காட்டின. ஆகவே ஒரு தடவை பெற்றுவிட்டோம் என்று கை கழுவ முடியாது. பெற்றதை விதியாக எழுதிவைக்க வேண்டும். எழுதிய விதியைச் சங்கம் காவல் காக்க வேண்டும்.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தோழர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்று உண்டு. பேச்சுவார்த்தைக் குழுவில் நடவுக்குப் போகும் பெண்ணும் வைண்டிங்கில் நிற்கும் பெண்ணும் இருக்கட்டும். கோரிக்கைப் பட்டியலில் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு வரி வேண்டாம்.

ஒரே வரி எழுதுங்கள்.